பாரை மீனின் வாயில் குடியிருந்தவர்கள்

"தோட்ட எல்லைக்குள் இன்னதென்று தெரியாத பூச்சியோ புழுவோ காணப்படுமாயின், அதை நசுக்காமல் எடுத்து, ஸ்பிரிட் நிரப்பிய சிறு போத்தலில் இட்டு, கண்ட இடத்தைக் குறித்து, ஆய்வு நிலையத்தின் பூச்சிப் பிரிவுக்கு அனுப்புதல் வேண்டும். நிலையத்தின் பதில் எழுத்தில் கிடைக்கும் வரை அது தொடர்பாக எவ்வித நடவடிக்கையும் எடுத்தலாகாது."

எங்கள் தோட்ட அலுவலகத்தின் நிலையான கட்டளைகளில் ஒன்று இது. பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற பின்னும் எனக்கு மறக்கவில்லை. எழுதியவர் தேயிலையை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார். ஆனால் தேயிலை என்ற சொல்லைப் போட மறந்துவிட்டார். விதி எழுதுகிறவர்கள் மறந்துபோனதை வைத்துத்தான் என்னைப் போன்றவர்கள் உத்தியோக காலம் முழுவதையும் ஓட்டினோம்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய லயக் கூரைத் தகர விவகாரத்தைப் படித்துவிட்டு, கலவானையிலிருந்து ஒரு வாசகர், "உங்களுக்கு விதிகளைத் தவிர வேறு எதுவுமே ஞாபகம் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

இருக்கிறது. ஒரு மீன் ஞாபகம் இருக்கிறது.

நாக்கு இருந்த இடத்தில்

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. மலைத் தண்ணீர் குழாய் வழியே வந்து விழும் பீலியடியில் செல்வமணி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவள், கொழுந்து பறிப்பவள். அவள் குரல் கொடுத்தால் பக்டரிச் சங்கு கொஞ்சம் தயங்கித்தான் ஊதும்.

அன்று அவள் போட்ட கூச்சல் தெரணியகலை ரோட்டை ஒட்டியிருக்கும் என் வீட்டுக்குத் தெளிவாகக் கேட்டது. போய்ப் பார்த்தேன்.

பாரைக் குட்டி ஒன்று கல்லின் மேல் கிடந்தது. நல்ல மீன், கண் பளிச்சென்று, செவுள் செக்கச் செவேலென்று இருந்தது. செவுளைப் பிடுங்குவதற்காகச் செல்வமணி வாயைப் பிளந்திருக்கிறாள். நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூச்சி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. உரித்த பலாக்கொட்டை நிறம். கட்டைவிரல் நுனியளவு. வரிவரியாக ஓடு, பக்கவாட்டில் கொக்கி கொக்கியாகக் கால்கள். கறுத்த இரண்டு கண்ணால் அது வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் மீனப் பாத்தா, மீனுக்குள்ளருந்து வேற யாரோ என்னயப் பாக்குறாங்க ஐயா!" என்றாள் செல்வமணி.

பீலியடியில் இருந்தவர்கள் ஒரு நிமிடம் யோசித்தார்கள். பிறகு, எங்கள் மலைகளில் யாரும் செய்வதைச் செய்தார்கள். ஒருத்தி ஓடிப்போய் உப்புக் கொண்டுவந்தாள். அட்டை கடித்தால் செய்கிற வைத்தியம் அது. எங்களுக்குக் கையே தானாக உப்புச் சாடிக்குப் போகும். கடலில் பிறந்து கடலில் வளர்ந்த ஒன்றின் தலையில் உப்பைக் கொட்டிவிட்டு, அது எப்போது சுருண்டு விழும் என்று எல்லோரும் குனிந்து காத்திருந்தோம். நானும்தான்.

அது சுருளவில்லை. ஊருக்கே திரும்பிவிட்டதாக நினைத்திருக்கும்.

திரீவீலர் ஓட்டும் ரவி தன் தொலைபேசியை நீட்டிப் படம் பிடித்தான். ஒரு குச்சியால் பூச்சியைப் புரட்டிப் போட்டான். வயிற்றுப் பக்கம் ஒரு பை. பைக்குள் கடுகு கடுகாக முட்டை. முட்டைகளுக்கு நடுவே, அரிசி நொய்யளவில், வெளிறிப்போய் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த ரவி, "ஐயா, இதுக்குள்ள இன்னொண்ணு இருக்குங்க!" என்றான்.

"குட்டி போட்டிருக்கு. பாவம், புள்ளத்தாச்சி" என்றாள் செல்வமணி.

"புள்ளத்தாச்சியப் பாத்தா ஏன்க்கா அந்தக் கத்துக் கத்துனீங்க?"

"ஒன் வாயிக்குள்ளருந்து ஒருத்தி எட்டிப் பாத்தா நீ கும்புட்டுக்கிட்டா நிப்ப? போடா!"

தடை

மத்தியானத்துக்குள் ரவியின் படம் எல்லாக் கணக்குக்கும் போய்விட்டது. சாயங்காலம் மாவனல்லையிலிருந்து அதே படம் எனக்கே திரும்பி வந்தது. தெரணியகலையில் மீன் தின்ற பெண்ணின் நாக்கை ஒரு பூச்சி கழற்றிக்கொண்டு போய்விட்டது என்று அதன் கீழே எழுதியிருந்தது. நாக்கைப் பறிகொடுத்தவள் அந்த நேரத்தில் லயத்து வாசலில் நின்று ரவியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

தோட்டத்து மெனேஜரை எங்கள் சனம் இன்னும் தொர என்றுதான் சொல்லும். இப்போதைய தொர இளம் சிங்களவர். படித்தவர், நல்லவர். எல்லாவற்றுக்கும் பயப்படுவார், அது ஒன்றுதான் குறை. அந்தச் சமயம் தோட்டத்துக்குச் சான்றிதழ் கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பிரட்டுக் களத்தில் உத்தரவு வாசிக்கப்பட்டது. பூச்சி இன்னதென்று முடிவாகும் வரை மீன்கார நியாஸ் தோட்டத்துக்குள் வரக்கூடாது.

யார் முடிவு செய்வது என்று உத்தரவில் இல்லை. நான் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. டவுனில் எனக்குத் தெரிந்த ஒரு சுகாதார உத்தியோகத்தர் நியாஸின் பெட்டியிலிருந்த மீனைப் பார்த்துவிட்டு, "நல்ல மீன் ஐயா, நானே ரெண்டு வாங்குவேன்" என்றார். அதை எழுதித் தரச் சொன்னேன். "எழுதினா அதுக்கப்புறம் அந்தப் பூச்சி என்னோடதாகிடும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அன்று பின்னேரம் நியாஸ் நானா என் வீட்டுக்கு வந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

அவர் மாவனல்லையில் பிறந்து தெரணியகலையில் பெண் எடுத்தவர். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி, முன்னால் ரப்பர் பந்து வைத்த ஹோர்ன். கொழும்பு லொறியில் வரும் மீனை விடியலில் எடுத்து, எங்கள் தோட்டத்தின் எல்லாக் கணக்குக்கும் கொண்டுபோய், வாசலிலேயே செதில் உரித்து வெட்டிக் கொடுப்பார்.

"மீன்ட வாய்க்குள்ள நான் வெச்சேனா ஐயா? இந்த மீன்ல இடைக்கிடை ஈக்கிறதுதான். வெட்டக்குள்ள நாங்க எடுத்து வீசிருவோம். அண்டைக்கு அந்தத் தங்கச்சி, முழு மீனாத் தாங்க நானா எண்டு வாங்கிட்டுப் போனா."

"வாங்கும்போது நீங்க பார்க்கலையா?"

"வாயத் தெறந்து பல்லுப் பாத்து வாங்குறதுக்கு அது மாடா ஐயா?"

தேத்தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். டவுனில் கடை போட்டவர்கள் இருக்கிறார்கள். அடுத்த தோட்டங்களுக்கு வேறு ஆட்கள் போகிறார்கள். இந்தத் தோட்டத்தை விட்டால் அவருக்குச் சுற்று இல்லை. மாவனல்லையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் மச்சானுக்குச் சேதி எட்டிவிட்டது. மீன் வாடைக்காரனுக்குத் தங்கையைக் கொடுக்க மாட்டேன் என்று அந்தக் காலத்தில் ஒற்றைக் காலில் நின்றவர் அந்த மச்சான்.

"போன்ல கோல் எடுத்துட்டார் ஐயா. ஆணி நிறுக்க ஆள் வேணுமாம். பைக்க வித்துட்டு வாங்கண்டு செல்றார். அந்த மனிசன்ட கடையில போய் நிக்கிறதுக்கு நான் அந்தப் பூச்சியவே திண்டுருவேன்."

பூச்சியைத் தின்றாலும் தடை நீங்காது என்று சொன்னேன். முடிவு எழுத்தில் வர வேண்டும். சொல்லும்போதே, கட்டளைப் புத்தகத்தின் அந்தப் பக்கம் மனதில் திறந்துகொண்டது.

குருவிச்சையின் மேல் குருவிச்சை

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இளம் கிளாக்கராகக் கலவானைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தேன். காடு பக்கத்தில், மழை, அட்டை, மறுபடி மழை. அங்கே நிழல் மரங்களில் குருவிச்சை பிடித்திருந்தது. மரத்தின் கிளையில் வேரை இறக்கி அதன் சாற்றிலேயே வாழும் செடி அது. வெட்டி எறிய ஒருவரை அமர்த்தினோம்.

அவர் மரத்திலிருந்து இறங்கி வந்து ஒரு சந்தேகம் கேட்டார். சில கிளைகளில் குருவிச்சையின் மேலேயே வேறொரு வகைக் குருவிச்சை முளைத்திருக்கிறது, அதையும் வெட்டுவதா?

அன்றிருந்த தொர ஆழ்ந்து யோசித்து, மரத்தின் மேல் வளர்ந்திருப்பதை வெட்டத்தான் உத்தரவு என்றார். இரண்டாவது மரத்தின் மேல் வளரவில்லை. அது குருவிச்சையின் மேல் வளர்ந்திருக்கிறது. ஆகவே அதைத் தொடக் கூடாது. இதை எழுத்தில் வேறு கொடுத்தார். தட்டச்சு செய்தவன் நான்.

வெட்டுகிறவர் உத்தரவை மடித்து மடியில் செருகிக்கொண்டு ஏறி, கீழே இருந்ததை மட்டும் வெட்டினார். மேலே இருந்தது, யாரும் தொடாமலேயே, அதோடு சேர்ந்து தரைக்கு வந்தது. தொரைக்குத் திருப்தி.

அந்த இரண்டாவது செடியை நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். திருடன் வீட்டில் வாடகை கொடுக்காமல் குடியிருந்த ஆள் மாதிரி. வீட்டுக்காரனைப் பிடித்த அன்றைக்கு இவனும் தெருவில்.

போத்தல்

கட்டளைப் புத்தகத்தோடு அலுவலகத்துக்குப் போனேன். என் நாற்காலியில் இப்போது மேனகா இருக்கிறாள். அலுவலகத்தின் முதல் பெண் பெரிய கிளாக்கர். என்னைவிட வேகம், என்னைவிட நல்ல கையெழுத்து.

தொர விதியை வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"பெரிய கிளாக்கர், இது தேயிலைக்குத் தானே?" என்று என்னைக் கேட்டார்.

"தேயிலைன்னு எங்கேங்க தொர இருக்கு?"

தேடினார். இல்லை.

"பூச்சி இருந்தது மீன்ல."

"மீன் எங்கேங்க இருந்துச்சு?"

"பீலியில."

"பீலி?"

"பீலி தோட்டத்தில தானே…" என்று சொல்லி நிறுத்தினார். மேனகா ஒரு பைலை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டாள். பைல் ஆடியது.

"அப்ப தோட்ட எல்லைக்குள்ள காணப்பட்ட பூச்சிதாங்க. பதில் வரும்வரை எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாதுன்னு விதி. நானாவைத் தடுத்தது நடவடிக்கைங்க."

தொர ஜன்னல் பக்கம் பார்த்து யோசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சரி. ஆனா போட்ட தடையை எடுக்கிறதும் நடவடிக்கை தானே, பெரிய கிளாக்கர்? அதையும் பதில் வரும்வரை எடுக்கக் கூடாது தானே?"

நான் எழுந்து நின்று கும்பிட்டேன். அந்த இளைஞருக்கு இந்த நாட்டில் நல்ல எதிர்காலம் இருக்கிறது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொண்டார். ஆய்வு நிலையத்தின் பதில் எழுத்தில் வந்தால், அதுவே முடிவு. அன்றே தடை நீங்கும். முடிவு சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டது. அந்த ஆளுக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது சின்ன விஷயம்; பதில் எழுதாமல் இருக்க முடியாது என்பதுதான் முக்கியம்.

பூச்சியைத் தேடிச் செல்வமணியிடம் போனேன். ஜாம் போத்தல் ஒன்றை எடுத்து நீட்டினாள். "உப்புல போட்டு வச்சிருக்கேங்க, கருவாடு மாதிரி. எங்க வீட்டுக்காரரு கொழம்புல போட்டுடுவாருன்னு மேல ஒளிச்சு வச்சேன்."

ஆக, எங்கள் உப்பு வைத்தியம் வீண்போகவில்லை. டிஸ்பென்சரியில் ஸ்பிரிட் வாங்கினோம். சாராயம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் போய்ச் சேரும்போது பூச்சி மட்டும் மிஞ்சும். மாற்றும்போது நொய்யளவு இருந்த சின்னது பையிலிருந்து கழன்று விழுந்தது. என் மனைவியின் முள்வாங்கியால் அதை எடுத்து, காலியான கண் மருந்துப் போத்தலில் தனியாக விட்டேன். முள்வாங்கியை அவர் இன்னும் திரும்ப வாங்கவில்லை.

"எந்தப் பயிர்ல கண்டதுன்னு எழுதணும்ங்களே?" என்று மேனகா கேட்டாள்.

"பாரைன்னு போடும்மா."

"அது எங்க வெளையுதுன்னு கேட்டா?"

"உப்புத் தண்ணியில."

அவள் எழுதினாள். தொர கையெழுத்திட்டார். இரண்டு போத்தலும் மலைமேல் இருக்கும் ஆய்வு நிலையத்துக்குப் போயின.

பாலத்தடியில்

பதில் வரவில்லை. அதற்காக மீன் நின்றுவிடவில்லை.

தோட்ட எல்லை ஒரு சின்னப் பாலத்தோடு முடிகிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பொது ரோடு. நியாஸ் நானா அங்கே பெட்டியோடு நிற்க ஆரம்பித்தார். ரவி அவரிடம் மீனை வாங்கித் திரீவீலரில் ஏற்றி, லயங்களுக்குக் கொண்டுபோனான். "ஆர்டர்ல நானா பேருதான் இருக்கு, மீன் பேரு இல்லையே" என்று என்னிடமே சட்டம் பேசினான்.

அதே லொறி, அதே பெட்டி, அதே பாரை. நானா மட்டும் இல்லை.

ரவி இந்தச் சேவைக்காக ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு மீனை எடுத்துக்கொண்டான். தோட்ட வாசலில் காவல் நிற்கும் வாச்சர் சுப்பையா ரவியின் பைகளைச் சோதித்துத் தலைகளை எடுத்துக்கொண்டார். சுப்பையா அண்ணன் தலையைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலை மடிக்கும் நேரத்தில், அவருடைய பூனை வந்து கன்னச் சதையை மட்டும் நாசூக்காகக் கிள்ளிக்கொண்டு போனது. பூனைக்கு உண்ணி இருந்தது. அதற்குக் கீழே நான் விசாரிக்கவில்லை.

எனக்கும் நானா வாரம் ஒரு துண்டு கொடுத்தனுப்பினார், நினைவூட்டல் கடிதம் எழுதுவதற்காக. வேண்டாம் என்று சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை.

செல்வமணிதான் முதலில் வெடித்தாள்.

"ஏன்டா ரவி, நானா செதில் எடுத்து, துண்டு போட்டு, கொழம்புக்குத் தனியா பொரியலுக்குத் தனியா தருவாரு. நீ பைய வாசல்ல எறிஞ்சிட்டுப் போற. இதுல பாதியக் காணோம்!"

"பெற்றோல் இருக்குல்லக்கா."

"தலயக் காணோம்டா!"

"அது சுப்பையா அண்ணன் செக் பண்ணாரு."

"தலயில என்னடா செக்கிங்?"

"வாயில பூச்சி இருக்கான்னு."

"வாயத் தொறந்து பாத்துட்டுத் தர வேண்டியதுதான?"

"வீட்ல வச்சுத்தான் வடிவா பாக்கணுமாம்."

ரவிக்கு நல்ல காலம். நானாவுக்கு அப்படி இல்லை. பாலத்தடியில் நின்று விற்பது பாதியும் இல்லை. மிச்ச மீன் வெயிலில் நின்றது. ஒருநாள் வந்து, மோட்டார் சைக்கிளுக்கு அவிசாவளையில் ஓர் ஆள் கிடைத்திருப்பதாகச் சொன்னார். பெட்டியையும் சேர்த்துக் கேட்கிறாராம். மச்சானும் ஆணித் தராசை ரொம்ப நாள் காலியாக வைத்திருக்க மாட்டார்.

"ஹோர்ன மட்டும் கழட்டி வெச்சிக்கலாமெண்டு பாக்குறேன் ஐயா" என்றார். "கடையில ஊதேலா. வீட்ட வெச்சிக்கலாம்."

மறுநாள் காலை பிரட்டுக் களத்தில் செல்வமணி வரிசையை விட்டு வெளியே வந்து தொர முன்னால் நின்றாள்.

"கத்துனது நானுங்க தொர. நான் கத்துனதுக்கு அவரு ஏங்க வெளிய நிக்கணும்? வேணும்னா என்னய ஒரு வாரத்துக்குப் பாலத்துக்கு அந்தாண்ட நிக்க வைங்க."

"நீங்க நின்னா கொழுந்து யார் எடுக்கிறது?"

"ரவிய விடுங்க. அவன்தான் எல்லாத்துலயும் எடுக்கிறானே!"

களமே சிரித்தது. தொரையும் சிரித்தார். ஆனாலும் பதில் வரட்டும் என்றார்.

சின்னது யாருக்கு?

நினைவூட்டல் எழுதுவதில் ஒரு முறை இருக்கிறது. முதலாவது பணிவாக. அடுத்தது முதலாவதை நினைவூட்டி. அதற்கடுத்தது மேலதிகாரிக்குப் பிரதியோடு. என் எண்ணையும் போட்டு மூன்றாவது போன பிறகு என் தொலைபேசி அடித்தது. இளம் பெண் குரல். நிலையத்தின் பூச்சிப் பிரிவு உத்தியோகத்தர். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது.

"ஐயா, உங்க தோட்டத்துக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம்?"

"பஸ்ஸில ஒரு நாள்ல போகலாம்மா. ஏன்?"

"நீங்க அனுப்பினது கடல் மீன்ல ஒட்டி வாழுற ஒண்ணு."

"அதைத்தான் எழுத்துல கேக்கிறோம்."

அவர் விளக்கினார். பெரியது நண்டு, இறாலின் தூரத்துச் சொந்தம். மீன் குட்டியாக இருக்கும்போதே உள்ளே புகுந்துகொள்ளும். இந்தக் கூட்டத்தில் சில வகை, மீனின் நாக்கை உறிஞ்சி உறிஞ்சித் தீர்த்துவிட்டு, அந்த இடத்தில் தாங்களே நாக்காக உட்கார்ந்துவிடுமாம். மீனும் அதை வைத்துக்கொண்டு சமாளிக்குமாம். மனிதரை ஒன்றும் செய்யாது.

"அப்ப சின்னது அதோட குட்டியா?"

"அதுதான் ஐயா விஷயமே!" அவர் குரல் மாறிவிட்டது. "நானும் குட்டின்னுதான் நினைச்சேன். கடல் உயிரினம் படிச்ச சிநேகிதி ஒருத்திகிட்ட காட்டினேன். அது குட்டி இல்லையாம். வேற இனம். பெரியதோட முட்டைப் பைக்குள்ள புகுந்து, முட்டைகளை உறிஞ்சிக்கிட்டு இருக்குது. மீன்ல இது ஒட்டியிருக்கு, இதுல அது ஒட்டியிருக்கு. லேசுல கிடைக்காதுங்கிறா. ராத்திரி பகலா அதையே பார்த்துக்கிட்டு இருக்கிறா."

புள்ளத்தாச்சி என்று செல்வமணி பரிதாபப்பட்டது நினைவுக்கு வந்தது. பரிதாபம் சரிதான், காரணம்தான் வேறு.

"நல்லதும்மா. பதில்?"

பதிலில்தான் சிக்கல். நிலையத் தலைவர், கடல் விஷயத்தில் நான் எப்படிக் கையெழுத்திடுவது என்று பைலை ஓரமாக வைத்துவிட்டாராம். அது நியாயமான தயக்கம். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"இன்னொண்ணு ஐயா," என்று அவர் தயங்கினார். "சின்னதை அவ வச்சுக்கலாமான்னு கேக்கிறா."

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உத்தியோக காலம் முழுவதும் இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் போலும்.

"பதில் எழுதாத வரைக்கும் அது தோட்டத்துச் சொத்தும்மா. வெளியாருக்குக் கொடுக்கத் தொர கையெழுத்து வேணும். பதில் வந்த மறுநிமிஷம் நான் வாங்கித் தர்றேன்."

"இது லஞ்சம் மாதிரி இருக்கே ஐயா!"

"லஞ்சம்னா கொஞ்சமாவது பெருசா இருக்கணும்மா. இது நொய்யளவு."

தலைவர் கையெழுத்திடக்கூடிய வசனத்தையும் நானே சொன்னேன். இவ்விரண்டும் தேயிலையைத் தாக்கும் பூச்சிகள் அல்ல. அதைச் சொல்ல அவருக்கு முழு அதிகாரம் உண்டு; அதைச் சொல்லத்தான் அவரை வைத்திருக்கிறார்கள். மனிதருக்குத் தீங்கில்லை என்பதைச் சிநேகிதி தனித் தாளில் எழுதட்டும், அது இணைப்பு. இணைப்புக்குத் தலைவர் பொறுப்பில்லை.

மறுமுனையில் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

காலிப் பெட்டி

அலுவலகத்துக்கு வந்த பதிலை மேனகா தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் சொன்ன வசனம் அப்படியே இருந்தது. கடைசியில் தலைவர் தன் பங்குக்கு ஒன்று சேர்த்திருந்தார்: தேயிலைச் செடிகளுக்கு மருந்து தெளிக்க வேண்டிய அவசியமில்லை.

தொர வாசித்து, தடையை நீக்கிக் கையெழுத்திட்டார். சின்னதை அன்பளிப்பாகக் கொடுக்கும் கடிதத்திலும் கையெழுத்திட்டார். "தோட்டத்தில இருந்து இவ்வளவு சின்ன சாமான் வெளிய போறது இதான் முதல்" என்றாராம். மேனகா நானாவுக்குச் சொன்னாள். அவிசாவளை ஆள் அன்று சாயங்காலம் வருவதாக இருந்தது. நானா அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பிறகுதான் எல்லோருக்கும் அது உறைத்தது. அன்று காலைதான் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டினால், திருவிழா முடிந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றும் வரை எந்த லயத்திலும் மீன், இறைச்சி அடுப்பேறாது. கருவாட்டுப் பானையைக்கூடக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். நானா உள்ளே வர அனுமதி கிடைத்த நாளில், மீனை வாங்க ஓர் ஆள் இல்லை.

ரவி என் வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரித்து முடிப்பதற்குள், பாலத்துப் பக்கமிருந்து ஹோர்ன் சத்தம் கேட்டது.

இருவரும் தோட்ட வாசலுக்கு ஓடினோம். சுப்பையா அண்ணன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றார்.

"நானா, காப்புக் கட்டியாச்சு! பெட்டி உள்ள போகக் கூடாது!"

நானா இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போட்டது. பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு செதில்கூட இல்லை. தேசிக்காய் பிழிந்து தேய்த்துக் கழுவியிருந்தார், வாசல்வரைக்கும் மணத்தது. சுப்பையா அண்ணன் பழக்க தோஷத்தில் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். பூனையும் பெட்டியில் ஏறிப் பார்த்துவிட்டு, எங்கள் ஒவ்வொருவரையும் ஒரு முறை முறைத்துவிட்டுப் போனது.

"விக்க ஒண்டுமில்லாம எங்க நானா போறீங்க?" என்று ரவி கேட்டான்.

"ரவுண்டு போறேன்."

போனார். மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, பக்டரி லயம், ஒன்று விடாமல், ஒவ்வொரு திருப்பத்திலும் ஹோர்னை அழுத்திக்கொண்டு. எந்த வாசலிலும் நிற்கவில்லை. எங்கே இருக்கிறார் என்பது மலையின் இந்தப் பக்கத்திலிருந்து எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

மேற்கணக்கில் செல்வமணியின் குரல் ஹோர்னை மீறியது.

"நானா! திருவிழா முடிஞ்ச மறுநாளு எனக்கு ஒரு பாரை! தலயோட!"

"வாயத் தெறந்து பாத்துட்டுத்தான் தருவேன் தங்கச்சி!"

"பாக்காதீங்க! இருந்தா இருந்துட்டுப் போகட்டும்!"

ரவி சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரீவீலரைத் துடைக்க ஆரம்பித்தான்.

நான் அலுவலகத்துக்குப் போனேன். தேதி முத்திரையில் மை காய்ந்துபோயிருந்தது. என்ன செய்வது என்று மேனகா கேட்டாள். கையால் எழுதலாம், விதியில் இடமிருக்கிறது என்றேன். பதிலின் மூலையில் அவள் தன் நல்ல கையெழுத்தில் எழுதினாள்: கிடைத்த நாள், மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய வெள்ளிக்கிழமை.